வாவி என்று பதிந்த வயல்

கதிர்காமத்தம்பியின் மூன்று ஏக்கர் வயல் ஜூன் மாதம் முதலாம் திகதி காலை ஒன்பது மணிக்கு வாவியாகியது. அந்த நேரத்தில் அவர் அந்த வயலுக்குள்தான் நின்றார். நெல் கதிரைப் பொத்திக் குடலை தள்ளிக்கொண்டிருந்தது, அவர் வரம்போரம் குந்தியிருந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஆனால் மட்டக்களப்பு நகரத்தில், கதவைத் திறந்தாலே மூக்கு விறைக்கும் ஓர் அறைக்குள், கணினித் திரையில் அவருடைய காணி இலக்கத்துக்கு நேரே ‘நில வகை’ என்ற அமைவு ‘வாவி’ என்று கிடந்தது. திரையில் கிடந்தால் கிடந்ததுதான்.

அன்றைக்குத்தான் நீர் விநியோக எண்ணிம அமைவு அதிகார சபை தன் செயலியைத் தொடக்கிவைத்தது. இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தால் தொண்டை வறளும். அதற்கு ஒரு மிடறு தண்ணீர் கேட்டாலும் படிவம் நிரப்பச் சொல்வார்கள். அதுவரைக்கும் கொக்கன்மடுக் குளத்துத் தண்ணீர் வயலுக்கு எப்படி வந்தது என்று கேட்டால், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு லேசாக வந்தது. வட்டை என்ற அந்த வயல்வெளியின் சொந்தக்காரர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரை வட்டவிதானையாகத் தெரிவுசெய்வார்கள். அவர் சைக்கிளில் போய்த் குளத்து மதகான துருசின் கைப்பிடியைச் சுழற்றுவார், தண்ணீர் வரும். போதுமென்றால் போய் மூடுவார். கூடக்குறைய வந்தால் அவரைப் பிடித்து ஏசலாம், அவரும் திருப்பி ஏசுவார். ஏசுவதற்காவது ஓர் ஆள் இருந்தது.

அதிகார சபை முதல் வேலையாகக் கைப்பிடிகளையெல்லாம் கழற்றிக்கொண்டு போய், தன் கந்தோர் முன்மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, ‘பாரம்பரியம்’ என்று எழுதி ஒட்டியது. கைப்பிடி இருந்த இடத்தில் மோட்டரைப் பூட்டினார்கள். மோட்டர் செயலியைக் கேட்கும், செயலி அமைவைக் கேட்கும், அமைவு ஒருவரையும் கேட்காது.

வயலை வாவி என்று பதிந்தது ஜனவரி மாதத்து வேலை. அந்த மாதம் மாரிமழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. மணல் மூடிய முகத்துவாரத்தை வெட்டிவிடுவதற்குச் சுணங்கிப்போனதால், வாவித் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் வட்டைக்குள் ஏறிவிட்டது. வருசா வருசம் ஏறுவதுதான், பத்து நாளில் வடிந்துவிடும். அந்தப் பத்து நாளைப் பார்த்துத்தான் அதிகார சபையின் கள உத்தியோகத்தர் காணி பதிய வந்தார். தார்வீதியை விட்டு அவர் இறங்கவில்லை. மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே பார்த்து, மேட்டில் தெரிந்ததையெல்லாம் ‘நெல்வயல்’ என்றும், தண்ணீருக்குள் கிடந்த அடிப்பள்ளத்து ஆறு ஏக்கரை ‘வாவி’ என்றும் கையிலிருந்த டப் கணினியில் தட்டிவிட்டுப் போனார். அந்த ஆறு ஏக்கரில் மூன்று கதிர்காமத்தம்பியுடையது, மற்ற மூன்று ஏறாவூர் அசனாருடையது.

ஜூன் நாலாந் திகதி மேல்வயல்களுக்கெல்லாம் தண்ணீர் பாய்ந்தது. பள்ளத்துக்கு வரும் வாய்க்காலின் இரும்புக் கதவு மட்டும் அசையவில்லை.

“என்ன மச்சான், மேல ஓடுது, நம்முட பக்கம் ஒரு சொட்டும் வரல்ல?” என்று அசனார் வரம்பில் நின்று கேட்டார்.

“வரும் காக்கா. மோட்டர்தானே, கொஞ்சம் சுணங்கும்” என்றார் கதிர்காமத்தம்பி. கந்தோர்க்காரர்களைப் பற்றி நல்லதாக நினைக்கும் பழக்கம் அவரிடம் ஐம்பத்தெட்டு வயதுக்குப் பிறகும் போகவில்லை.

கச்சான் காற்று வேறு தொடங்கிவிட்டது. அது ஒரு நாள் அடித்தால் ஈரநிலமும் வெடிக்கும். பத்து நாளைக்குள் தண்ணீர் கட்டாவிட்டால் கதிர் வெளியே வராமல் குடலைக்குள்ளேயே கருகிப்போகும். வருசம் முழுக்கச் சாப்பாட்டுக்கும், அடுத்த போகத்து விதைநெல்லுக்கும் கதிர்காமத்தம்பிக்கும் அவர் மனைவி அன்னப்பூரணிக்கும் இருந்தது அந்த மூன்று ஏக்கர்தான். வாவி ஐம்பது யார் தூரம் தள்ளிக் கிடக்கிறது என்று பேர். கோடையில் அது உவர், இறைத்தால் பயிர் அன்றைக்கே சாகும்.

மறுநாள் விடிய முதல் பஸ்ஸில் அவர் கந்தோருக்குப் போனார். கருமபீடத்தில் கஜானி என்ற பிள்ளை இருந்தாள். மரியாதையான பிள்ளை. காணி இலக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து சொன்னாள்:

“உங்களுக்குத் தண்ணி தேவையில்ல ஐயா. உங்கட காணி வாவி. வாவியில தண்ணி இரிக்கும்தானே.”

“இல்ல மிஸ். வெடிச்சிக் கிடக்கு. நான் நேத்தும் அதுக்குள்ளதான் நிண்டன்.”

“சிஸ்டத்தில நிறையத் தண்ணி இரிக்கு ஐயா. நீங்க ஏன் வாவிக்குள்ள நெல்லு நட்டீங்க?”

தான் ஏதோ பிழை செய்துவிட்டதாகவே கதிர்காமத்தம்பி ஒரு கணம் நினைத்தார். அதற்குள் அச்சுப்பொறி தானாக இரண்டு கடிதங்களைக் கக்கியது. ஒன்று, அரச நீர்நிலைக்குள் அத்துமீறிப் பயிர் செய்ததற்கு விளக்கம் கோரியது. மற்றது, அந்த நீர்நிலையில் உழவு இயந்திரம் ஓடியிருப்பதால், அதை இரண்டு வாரத்துக்குள் படகாகப் பதிவுசெய்து, இரண்டு உயிர்காப்பு மேலங்கிகளையும் வாங்கிவைக்கும்படி கேட்டிருந்தது. கஜானி இரண்டையும் ஊசி குத்தி நேர்த்தியாகக் கொடுத்தாள். நில வகையைத் திருத்தும் படிவம் ஒன்றும் தந்தாள். கள உத்தியோகத்தர் ஏழு வேலை நாளுக்குள் நேரில் வந்து பார்ப்பார் என்று அதன் அடியில் இருந்தது. கதிர்காமத்தம்பி நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அதிகார சபையின் ஏழு நாளை நம்பி வீட்டில் காத்திருக்க அன்னப்பூரணி விடவில்லை. “பொறுப்பான ஆளைப் புடிங்க” என்று எட்டாந் திகதி திரும்பவும் துரத்திவிட்டாள்.

பொறுப்பான ஆள் மதுரன். அமைவு முகாமையாளர். செயலிக்குள் நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு அமைவுகள் இருக்கின்றன என்றும், அவற்றை ஒருவரும் தொடாமல் பார்த்துக்கொள்வதே தன் கடமை என்றும் அவர் சொன்னார்.

“ஒண்ட மட்டும் மாத்தித் தாங்க மனே. வாவி எண்டதை நெல்வயல் எண்டு.”

மதுரன் சிரித்தார். அவ்வளவு லேசான காரியமா அது? அமைவுப் பக்கத்தைத் திறக்கும் கடவுச்சொல் இரண்டு துண்டு. ஒரு துண்டு அவரிடம் இருக்கிறது, மற்றத் துண்டு தெரிந்த உத்தியோகத்தர் பிரசவ விடுமுறையில் இருக்கிறார். அவர் வந்தாலும், முதலில் 2217ஆம் அமைவு சரியாக இருக்கிறதா என்று மூன்று பேர் பார்த்து ஒப்பம் வைக்கவேண்டும். அந்த 2217 என்ன செய்யும் என்று கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஒருமுறை யாரோ அதை ‘ஆம்’ என்பதிலிருந்து ‘இல்லை’ என்று மாற்ற, அதே நேரத்தில் மின்தூக்கி நின்று, பணிப்பாளர் இரண்டு மணித்தியாலம் அதற்குள் மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து திரையின் அந்த மூலையில் வெள்ளிக்கிழமைகளில் திருநீறு பூசுகிறார்கள்.

“அதோட இது உறைகாலம் ஐயா. விவசாயம் நடக்கிற காலத்தில விவசாய அமைவுகளைத் தொடக்கூடாது எண்டு விதி. தொட்டா விவசாயம் பாதிக்கப்படும்.”

“உறைகாலம் எப்ப முடியும்?”

“அறுவடை முடிஞ்சாப்பிறகு.”

கதிர்காமத்தம்பியின் முகம் போன போக்கைப் பார்த்து மதுரனுக்கும் இரக்கம் வந்துவிட்டது. கல்நெஞ்சுக்காரர் அல்ல அவர். திரையைத் திருப்பிக் காட்டினார். அதில் ஒரு சதுரம் பச்சைப்பசேல் என்று இருந்தது.

“இது எங்கட பரிசோதனைச் சிஸ்டம் ஐயா. உண்மையான சிஸ்டம் மாதிரியே ஒரு நகல். நீங்க படிவம் குடுத்த அண்டைக்கே இதில உங்கட காணிய நெல்வயல் எண்டு மாத்தியாச்சு. பாருங்க, அஞ்சாந் திகதியில இருந்து தண்ணி பாயுது. பயிர் நல்லா இரிக்கு.”

கதிர்காமத்தம்பி கிட்டப்போய்க் குனிந்து பார்த்தார். “வடிவாத்தான் இரிக்கு மனே” என்றார். “இதில கொஞ்சம் வெளியால விடேலாதா?”

“இது வேற சூழல் ஐயா” என்று மதுரன் அன்பாகச் சொன்னார்.

அவர் எழும்பி வரும்போது மதுரன் ஓர் அழைப்பிதழையும் கொடுத்தார். பத்தாந் திகதி அமைவு வார விழா. மேடைக்கு ஒரு பயனாளி தேவைப்பட்டது. பணிப்பாளரை நேரில் கண்டு கேட்கலாமே என்று கதிர்காமத்தம்பி வெள்ளை வேட்டி உடுத்திக்கொண்டு போனார். குத்துவிளக்கு ஏற்றினார்கள். பிறகு பணிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“அன்பார்ந்தவர்களே! முன்பு துருசைத் திறந்தது யார்? ஒரு மனிதன். ஏன் திறந்தாய் என்று கேட்டால் பதில் சொல்வான். பதில் சொல்லும் மனிதனை நம்பி எப்படி ஒரு திணைக்களம் நடத்துவது? இன்று நமது சபையில் யாரைக் கேட்டாலும் பதில் கிடையாது. அதுதான் வெளிப்படைத்தன்மை! நமது உத்தியோகத்தர்கள் ஒருவராலும் தவறு செய்ய முடியாது. ஏனென்றால் ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியாதபடி நாம் அமைத்திருக்கிறோம். சென்ற வாரம் மட்டும் இருபத்தேழு மாற்றக் கோரிக்கைகள் வந்தன. ஒன்றைக்கூட நாம் அனுமதிக்கவில்லை. இந்த உறுதி வேறு எந்த நிறுவனத்துக்கு இருக்கிறது?”

கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது. கதிர்காமத்தம்பி எழும்பி நின்று கையைத் தூக்கினார்.

“ஐயா, என்ட வயலுக்கு இன்னும் நாலு நாளைக்குள்ள தண்ணி வராட்டி...”

“பார்த்தீர்களா!” என்று பணிப்பாளர் பூரித்துப்போனார். “ஒரு விவசாயி எழுந்து நின்று நமது அமைவைப் பற்றிப் பேசுகிறார். பத்து வருடத்துக்கு முன் இது நடந்திருக்குமா?”

திரும்பவும் கைதட்டினார்கள். அவரை மேடைக்கு அழைத்து, மாலை போட்டு, சட்டம் போட்ட ஒரு சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். பரிசோதனைச் சிஸ்டத்தில் மிகச் சிறந்த விளைச்சல் பெற்ற காணி என்று அதில் எழுதியிருந்தது. படம் பிடிக்கும்போது சிரிக்கச் சொன்னார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து அவர் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தன்னையே ஏசிக்கொண்டார்.

அன்னப்பூரணி சான்றிதழை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். “இதை அவிச்சா ரெண்டு பேருக்குக் காணுமா?” என்று கேட்டாள். பிறகு, “நாசமாப் போவானுகள்! நாளைக்கு நானும் வாறன்” என்றாள்.

அடுத்த நாள் அன்னப்பூரணி கருமபீடத்துக்கு முன்னால் நின்ற நிலையைக் கண்டதும் கஜானிக்குப் பயம் பிடித்துவிட்டது. அவள் இரு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

“அம்மா, நில வகைய என்னால மாத்தேலாது. ஆனா வாவிக்கெண்டு ஒரு சின்ன அமைவு இரிக்கு. அதுக்குள்ள மீன் இரிக்கா, இல்லையா எண்டு. உங்கடயில இல்லை எண்டு கிடக்கு. அது சில்லறை அமைவு, அனுமதிக் குழுவுக்குப் போகாது, நானே மாத்தலாம். ஆம் எண்டு போட்டா, மீனுக்கெண்டு சிஸ்டம் தண்ணி விடும்.”

“நெல்லுக்குத் தரமாட்டான், மீனுக்குத் தருவானா?”

“ஓம் அம்மா. மீனுக்கு உறைகாலம் இல்ல.”

கதிர்காமத்தம்பி தயங்கினார். “இல்லாத மீனை இரிக்கு எண்டு சொல்றது பொய்தானே புள்ள” என்றார்.

“நம்மட வயலை வாவி எண்டு சொன்னவனுக்கு இல்லாத வெக்கம் நமக்கு என்னத்துக்கு? வைங்க ஒப்பத்தை!” என்றாள் அன்னப்பூரணி.

வைத்தார். அசனாருக்குத் தொலைபேசியில் சொல்ல, அவரும் முச்சக்கர வண்டி பிடித்து ஓடிவந்து தன் மூன்று ஏக்கருக்கும் மீன் உண்டு என்று ஒப்பம் வைத்தார். வட்டையில் மூன்று தலைமுறையாக நெல் விளைவித்த இரண்டு பேர் அன்றைக்கு மீன்காரர்களாக வீடு திரும்பினார்கள்.

பஸ் வந்து சேர முதல் தண்ணீர் வந்து சேர்ந்துவிட்டது. இரும்புக் கதவு முழுக்கத் திறந்து, வாய்க்கால் நுரை தள்ளிக்கொண்டு ஓடியது. வெடித்த நிலம் கடகடவென்று குடித்தது. அன்னப்பூரணி வாய்க்காலுக்குள் இறங்கி நின்று முகத்தில் அள்ளி அடித்துக்கொண்டாள். அசனார், “அல்லாட காவல் மச்சான், அல்லாட காவல்” என்று கதிர்காமத்தம்பியைக் கட்டிப்பிடித்தார். இரண்டாம் நாள் சுருண்டு கிடந்த நெல்தாள்களெல்லாம் நிமிர்ந்தன. மூன்றாம் நாள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கதிர் எட்டிப் பார்த்தது. தண்ணீர் வரம்பு மட்டத்துக்கு நின்றது. “காணும்” என்றார் கதிர்காமத்தம்பி. “இனி மூடினாச் செரி.”

மூடவில்லை.

மாலையில் வரம்புகள் மறைந்தன. பதினைந்தாந் திகதி காலையில் கதிர்களுக்கு மேலே தண்ணீர் நின்றது. வடிச்சல் வாய்க்காலைத் திறந்துவிடலாம் என்று ஓடினால், அந்தக் கதவும் தானாக இறுக மூடிக் கிடந்தது. அதற்கு அப்பால் கொங்கிறீட் அணைக்கட்டின் மேல் தார்வீதி. அசனார் மண்வெட்டியால் கொத்திப் பார்த்தார், மண்வெட்டியின் வாய்தான் மடிந்தது.

கதிர்காமத்தம்பி உடுத்த ஈரச் சாரத்தோடு மதுரனுக்கு முன்னால் போய் நின்றார்.

“மீன் வாழ நாலு அடி ஆழம் வேணும் ஐயா” என்று மதுரன் திரையைப் பார்த்துச் சொன்னார். “உங்களிட்ட இப்ப மூண்டரை அடிதான் இரிக்கு. இன்னும் அரை அடி வரவேணும். அதுக்குப் பிறகு அந்த மட்டத்தில வச்சிரிக்கும். வடிச்சலையும் திறக்காது. மீன் வெளியால போயிரும்தானே.”

“மனே, நெல்லு மூழ்கிற்று. கதிர் வாற நேரம். மீன் இல்லை எண்டு மாத்திவிடுங்க!”

“மாத்தலாம். ஆனா மீன் உயிருள்ளது. ஒருக்கா இரிக்கு எண்டு பதிஞ்சா, அது எங்க போச்சுது எண்டு எழுதித் தரவேணும். செத்ததெண்டா மரணச் சான்று, வித்ததெண்டா பற்றுச்சீட்டு.”

“மீனே இரிக்கல்லயே!”

மதுரனின் முகம் கறுத்தது. “இரிக்கு எண்டு நீங்கதான் ஒப்பம் வச்சிரிக்கீங்க ஐயா. பொய்த் தகவல் குடுக்கிறது குற்றம். நான் கேக்காத மாதிரி இரிக்கன். நீங்க சொல்லாத மாதிரிப் போங்க.”

அவர் போனார். வேறு எங்கே போவது? ஆறு நாள் வயல் தண்ணீருக்குள் கிடந்தது. ஒவ்வொரு நாளும் நெஞ்சளவுக்கு இறங்கி, காலால் தடவி, ஒரு கதிரைப் பிடுங்கி மணந்து பார்ப்பார். ஐந்தாம் நாள் அழுகல் மணம் வந்தது. அதை அவர் அன்னப்பூரணிக்குச் சொல்லவில்லை. அவளுக்கும் மூக்கு இருந்தது, அவளும் அவருக்குச் சொல்லவில்லை.

இருபத்தொராந் திகதி காலை தார்வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. செம்மஞ்சள் நிறத்தில் உயிர்காப்பு மேலங்கி அணிந்த ஒருவர் இறங்கினார். நீர்நிலைப் பரிசோதனைக்குப் போகும் உத்தியோகத்தர்கள் அதை அணிந்தே போகவேண்டும் என்பது விதி. நில வகையைத் திருத்தச் சொல்லிக் கதிர்காமத்தம்பி கொடுத்த படிவத்துக்குத்தான் அவர் நேரில் பார்க்க வந்திருந்தார். ஜனவரியில் வந்த அதே கள உத்தியோகத்தர். வீதியோரம் நின்று, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பரந்து கிடந்த தண்ணீரை அவர் ஆசையோடு பார்த்தார். ஒரு கொக்கு வேறு வந்து இறங்கியது.

“இதையா நெல்வயல் எண்டு மாத்தச் சொல்லிக் கேட்டிரிக்கீங்க?” என்று அவர் சிரித்தார். உடனே தொலைபேசியில் பணிப்பாளரை அழைத்தார். “சேர், நேரில வந்து பாத்திற்றன். நூறு வீதம் வாவி. ஓம் சேர். சிஸ்டம் பிழை விடல்ல, ஆரம்பத்தில இருந்தே அதுதான் செரி.” தொலைபேசியை வைத்துவிட்டு டப்பை நீட்டினார். “உறுதிப்படுத்தியாச்சு ஐயா. இதில ஒரு ஒப்பம் வைங்க.”

அன்னப்பூரணி வாயைத் திறந்தாள். அவளுக்கு முதல் கதிர்காமத்தம்பி அசைந்தார். பதினாறு நாளாக ஐயா, மிஸ், மனே என்று தவிர வேறு பேச்சு வராத மனிதர், உத்தியோகத்தரின் கையை விருந்தாளியைக் கூட்டிப்போகும் பதமாகப் பிடித்தார். பிடித்த பிடியை விடாமல் அப்படியே சரிவில் இறக்கினார். உத்தியோகத்தர், “ஐயா, ஐயா, எனக்கு நீந்தத் தெரியாது!” என்று அலறினார். மேலங்கி அவரைத் தூக்கப் பார்த்தது, கதிர்காமத்தம்பி தோளில் கைவைத்து அமர்த்திக் காலூன்ற வைத்தார். தண்ணீர் உத்தியோகத்தரின் நெஞ்சுக்கு வந்தது. டப்பை அவர் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். காலடியிலிருந்து குமிழியும் நாற்றமும் சேர்ந்து கிளம்பின.

“காலால தடவிப் பாரு” என்றார் கதிர்காமத்தம்பி. முதல் தடவையாக அவர் ஐயாவை விட்டிருந்தார். “என்ன கிடக்கு?”

“என்னவோ... வழுவழுண்டு...”

“அது என்ட நெல்லு. நான் விதைச்ச நெல்லு. கதிரோட கிடந்து அழுகுது. எழுது.”

உத்தியோகத்தர் டப்பைக் கீழே இறக்கித் திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். வாவிக்குள் என்ன இருக்கிறது என்பதற்குச் செயலி நாலு விடைகள் வைத்திருந்தது: மீன், இறால், நண்டு, நீர்த்தாவரம். நெல் எழுதுவதற்கு அங்கே இடம் இல்லை.

“அதுக்கு இதில இடமில்ல ஐயா” என்று அவர் அழுவாரைப்போலச் சொன்னார்.

கதிர்காமத்தம்பி கரையேறி வந்து, வீதியோரத்தில், அன்னப்பூரணிக்குப் பக்கத்தில் குந்தினார். சாரத்தைப் பிழிந்தார்.

“அப்ப இடம் வாற வரைக்கும் அதுக்குள்ளயே நில்லு” என்றார்.